விபூதிப் புதனுக்கு முன்

எடமலைப்பட்டி புதூர், திருச்சி
அக்டோபர் 12

அன்புத் தங்கை பெலிண்டாவுக்கு அக்கா அக்னஸ் எழுதுவது.

மரியே வாழ்க. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஏற்காட்டில் இப்போதே குளிர் ஆரம்பித்திருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மதர் பிரான்சிக்கும் மடத்து சிஸ்டர்மாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லு.

மழைக்காலம் வருகிறது என்றாலே வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் கோரையாறு பொங்கி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். இரண்டு நாள் கரண்ட் இல்லை. அப்போது அது வெறும் தொந்தரவு. இந்த வருஷம் அப்படி இல்லையே. ஜூலையிலிருந்து அவர் மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார். கட்டில் பக்கத்தில் ஒரு மிஷின், அறைக்காற்றை இழுத்து ஆக்சிஜனாக்கிக் கொடுக்கிறது. அது கரண்டில் ஓடுகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரும் சாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டு, பாலக்கரை தாஜுதீன் பாயிடம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். பார்க்க ஒரு ஆள் நிற்கிற மாதிரியே இருக்கிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் திடுக்கென்கிறது.

அதோடு விட்டேனா? காந்தி மார்க்கெட் போய் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், தீப்பெட்டி, மருந்து மாத்திரை எல்லாம் வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டேன். உன் அத்தான் கைலாசபுரத்தில் ஃபாக்டரி ஸ்டோர்ஸிலேயே தலை நரைத்தவர் அல்லவா, படுத்தபடி எனக்கு வேலை சொல்கிறார். எந்தச் சாமானுக்கும் ஒரு மினிமம் உண்டாம். கையிருப்பு அதற்குக் கீழே போனால் அன்றைக்கே புதிதாக வாங்கச் சொல்லி இன்டென்ட் எழுதிப் போட்டுவிட வேண்டுமாம். நான் ஒருபடி மேலே போய்விட்டேன். "அக்னஸ், ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு? பெருங்காயம் மட்டும் நம்ம பேரப்பிள்ளை கல்யாணத்துக்கும் காணும்" என்கிறார். ஜோஸ்வின் அயர்லாந்திலிருந்து போனில் பார்த்துவிட்டு, "அம்மா, கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்கிறான். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். கையில் எல்லாம் இருந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

உன் செபத்தில் எங்களை வைத்துக்கொள்.

அக்கா
அக்னஸ்

*

ஏற்காடு
அக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி சூசையின் ஆசீர் உங்கள் இருவர்மேலும் இருப்பதாக. நான் சுகம். முழங்கால் மட்டும், முழந்தாளிடும்போதெல்லாம் தான் இருப்பதை எனக்குச் சொல்கிறது. அத்தானுக்கு இருமல் குறைந்ததா? பசி எடுக்கிறதா? அதை நீ எழுதவே இல்லை.

உன் கடிதத்தை மதரிடம் கேட்டுக்கொண்டு சாப்பாட்டு வேளையில் வாசித்துக் காட்டினேன். பெருங்காயத்துக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் கதை உன்னுடையதற்கு நேர் எதிர். இங்கே கையிருப்பு என்று ஒன்று கிடையாது. வாசல் சுவரில் ஒரு மரப்பெட்டி சுற்றும், உனக்குத் தெரியும். வெளியே யாராவது எதையாவது வைத்து மணியடித்தால் நாங்கள் உள்பக்கம் திருப்பி எடுத்துக்கொள்வோம். நேற்று வெறும் சௌசௌ வந்தது. இன்றைக்கும் சௌசௌதான். உன் பரணைப் பற்றி வாசித்தபோது எனக்கு நோவா பேழை ஞாபகம் வந்தது, மிருகம்தான் பாக்கி.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. மடத்து அடைப்பைவிட்டு வெளியே வர முடியாத என்னால் உனக்கு ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கித் தர முடியாது. செபம் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. மாதா காணிக்கைத் திருநாளில் மந்திரித்த மெழுகுதிரி இரண்டு இதோடு அனுப்புகிறேன். இடி மழை என்றால் அப்பா ஏற்றுவாரே, அதுபோல் ஏற்றி வை.

வருஷா வருஷம் சொல்வதுதான், இருந்தாலும் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் படிக்கவும் கிடையாது. தவசுகாலத்திலும் அப்படித்தான், விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு பாஸ்கா வரை. வருகிற கடிதமெல்லாம் மதரின் மேஜை டிராயரில் கிடக்கும். போன் வெளி அறையில் இருக்கிறது, அது சாவுச் செய்திக்கு மட்டும். எனவே எழுதுவதை முன்னாலேயே எழுதிவிடு.

அத்தானை நான் கேட்டதாகச் சொல்லு.

தங்கை
சிஸ்டர் பெலிண்டா

*

எடமலைப்பட்டி புதூர்
நவம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

மரியே வாழ்க. நாங்கள் இருவரும் பத்திரம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பேப்பரில் திருச்சி மழை என்று யாராவது சொல்லி நீ பயந்திருப்பாய்.

போன வாரம் கொட்டித் தீர்த்துவிட்டது. தண்ணீர் எங்கள் வாசல் இரண்டாம் படிவரை ஏறி, உள்ளே வரலாமா என்று யோசிப்பது மாதிரி நின்றது. கரண்டை நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டர் சொன்ன நேரம் வரை ஓடியது. அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்ததும் நான் சிலிண்டரைத் திறந்தேன். ஒரு திருகு, ஒரு குழாய் மாற்றம், அவ்வளவுதான். தாஜுதீன் பாய் காட்டிக்கொடுத்ததைத் தினமும் ஒரு தடவை செய்து பார்த்து வைத்திருந்தேன். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுப் பால் பவுடரில்தான் டீ குடித்தார்கள். பக்கத்து வீட்டு கமருன்னிசா, "உங்களை நக்கல் அடிச்சதுக்கு மன்னிச்சுக்குங்கக்கா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உன் மெழுகுதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடி இடித்ததும் எடுத்துப் பற்றவைக்கப் போனேன். அவர் கட்டிலிலிருந்து கையை ஆட்டினார். "ஆக்சிஜன் ஓடுற வீட்டுல நெருப்பா? என்னையும் சேர்த்து ஏத்திடாதே." மிஷின் கொடுத்தவர்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள், நான் மறந்துவிட்டேன். மந்திரித்த மெழுகுதிரி இரண்டும் மாதா சுரூபத்துக்கு முன் பற்றவைக்காமல் நிற்கின்றன.

கவலை ஒன்றுதான். காலி சிலிண்டரை நிரப்ப அனுப்பினால் பாய் கையை விரிக்கிறார். நிரப்புகிற இடத்தில் ஏதோ பழுதாம், வருகிற கொஞ்சமும் ஆஸ்பத்திரிகளுக்கே போகிறதாம். "அம்மா, உங்களுக்கு இல்லைன்னு சொல்லுவேனா, ஸ்டாக்கே இல்லையே" என்றார். பிறகு எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்து இறக்கினார். இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்று சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா
அக்னஸ்

*

ஏற்காடு
நவம்பர் 27

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவருக்கு நன்றி. உன் கடிதம் கண்டு நிம்மதி. நோவா பேழை என்று நக்கல் அடித்ததற்கு நானும் கமருன்னிசா பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.

அத்தான் இருட்டில் என்ன சொன்னார்? ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அதற்குள் உன் பதில் வராது. எனக்குக் கிறிஸ்துமஸ் வரை அதே நினைப்பாக இருக்கும். இப்படிப் பாதியில் நிறுத்துவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இருவருக்கும் முன்கூட்டியே பிறப்புத் திருநாள் வாழ்த்து.

பெலிண்டா

*

எடமலைப்பட்டி புதூர்
டிசம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

பாலன் பிறந்த மகிழ்ச்சி உங்கள் மடத்தில் நிறைந்திருக்கட்டும். குடில் வைத்தீர்களா? இந்த வருஷம் பாலனைக் கிடத்துகிற முறை யாருக்கு வந்தது?

நாங்கள் இருக்கிறோம். டிசம்பர் தொடக்கத்தில் அவருக்குச் சளி கட்டிக்கொண்டது. சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நல்லபடியாகக் கூட்டி வந்துவிட்டேன். கொஞ்சம் இளைத்திருக்கிறார், மற்றபடி ஒன்றுமில்லை.

ஜோஸ்வினுக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகள் ஆஷ்லிக்கு ஆறாம் மாதம், அவளைத் தனியே விட்டு வரவும் முடியாது. திருநாளன்று போனிலேயே கேக் வெட்டினார்கள். நான் கமருன்னிசாவைக் கூட வைத்துக்கொண்டு குல்குல் செய்தேன். மாவு, சீனி, எண்ணெய் எல்லாம் பரணிலிருந்தே வந்தது, கடைக்கு ஆள் அனுப்பவில்லை.

இரண்டாவது சிலிண்டரும் வந்துவிட்டது. இப்போது படிக்குக் கீழே இருவர் நிற்கிறார்கள். இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். குழாய்களில் ஒரு ஜோடி உபரியாக வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரின் நம்பரைச் சுவரிலேயே பெரிதாக எழுதிவிட்டேன். சாவிகளை ஒரே ஆணியில் மாட்டியாயிற்று. மாற்று உடுப்பு, ரிப்போர்ட், பிளாஸ்க், எல்லாம் போட்டு ஒரு பை கதவருகில் தயாராக இருக்கிறது. எது வந்தாலும் பத்து நிமிஷத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடலாம்.

குளிருக்குக் கம்பளி போதுமா? வேண்டுமானால் எழுது.

அக்கா
அக்னஸ்

*

ஏற்காடு
ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

புது வருஷம் உங்களுக்கு இளைப்பாறுதலாக இருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன். கம்பளி போதும். பாலனைக் கிடத்துகிற முறை இந்த வருஷம் எனக்கேதான் வந்தது. அத்தான் பெயரைச் சொல்லித்தான் கிடத்தினேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. மலையில் லாரி ஸ்டிரைக்கோ என்னவோ, சில நாள் மரப்பெட்டி சுற்றவே இல்லை. கேழ்வரகுக் கஞ்சியிலேயே ஓட்டினோம். அதுவும் தீர்ந்த அன்று மதர் கோயில் மணியை அடிக்கச் சொன்னார். உணவு இல்லை என்றால் அப்படி அடிப்பது எங்கள் மடத்து வழக்கம். சாயங்காலம் எஸ்டேட்காரர் ஒருவர் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டேன். எனக்கு அடிக்க ஒரு மணியாவது இருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் சிலிண்டருக்கு அரைப்பக்கம். அத்தானுக்கு இரண்டு வரி. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? இருட்டில் அவர் சொன்னது என்ன? நீ இன்னும் எழுதவில்லை. எழுத முடியாததாக இருந்தால் எழுத முடியவில்லை என்றாவது எழுது.

தள்ளிப்போடாதே. போன வருஷம்போல் மார்ச் என்று நினைத்துக்கொண்டிருக்காதே, இந்த வருஷம் விபூதிப் புதன் பிப்ரவரி 18-லேயே வந்துவிடுகிறது.

உன்
பெலிண்டா

*

எடமலைப்பட்டி புதூர்
பிப்ரவரி 14, சனிக்கிழமை

அன்புத் தங்கை பெலிண்டாவுக்கு,

நலம் விசாரிக்கிற வரியை இன்றைக்கு எழுத வரவில்லை. நீ சுகமாக இரு.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் பேப்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்போது காலண்டரைப் பார்த்துப் பதறி உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பரில் அவரை ஐ.சி.யு.வில் வைத்தார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். அவர் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்னை உள்ளே விடுவார்கள். பேச முடியாது, என்னையே பார்ப்பார், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கும். கை கட்டியிருப்பதால் துடைக்கவும் முடியாது. நான் துடைத்துவிட்டு வருவேன். அதைத்தான் "நல்லபடியாகக் கூட்டி வந்துவிட்டேன்" என்று உனக்கு எழுதினேன்.

நவம்பரில் இருட்டில் அவர் கேட்டது இதுதான். "எல்லாத்துக்கும் ஒரு மினிமம் வெச்சிருக்கே. எனக்கு என்ன மினிமம் வெச்சிருக்கே, அக்னஸ்? எதுக்குக் கீழே போனா விடுவே?" "பேசாம தூங்குங்க" என்று நான் அதட்டினேன்.

இப்போது நுரையீரல் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. அடுத்த தடவை வந்தால் மறுபடி குழாய்தான், அது திரும்ப வெளியே வருமா என்பது சந்தேகம் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"இன்னொரு தடவை அங்கே கொண்டுபோகாதே."

"அப்புறம் என்னதான் பண்றதுங்க?"

"சிலிண்டர் ரெண்டு இருக்குல்ல. அது இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன், நீயும் பக்கத்துல இரு. தீர்ந்தா தீர்ந்ததுதான். புதுசா இன்டென்ட் போடாதே."

"அது பாவம் இல்லையா?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "பெலிண்டாகிட்ட கேளு. அவ என்ன சொல்றாளோ அதுபடி செய்வோம்" என்றார்.

ஜோஸ்வினிடம் கேட்டேன். "நீங்க எது செஞ்சாலும் சரிம்மா" என்று அழுகிறான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பங்குச் சாமியாரிடம் போனேன். வாசலில் எத்தனையோ பேர் நின்றார்கள். வாயால் சொன்னால் அங்கேயே உடைந்துவிடுவேன் என்று திரும்பிவிட்டேன். உன்னிடம்தான் எழுத முடிகிறது.

அவரை வீட்டிலேயே விட்டால் அது பாவமா, இல்லையா? ஒரே வார்த்தை எழுது, போதும். எதுவானாலும் அதன்படி நடப்பேன். என்னால் தனியாக முடிவு செய்ய முடியவில்லை, பெலிண்டா. என்னால் முடியவில்லை.

ஸ்பீட் போஸ்ட்டில் போடலாம் என்று ஓடினேன், கவுன்டர் சாத்திவிட்டார்கள். தபால் பெட்டியில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன்.

அக்கா

*

எடமலைப்பட்டி புதூர்
மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாயா? இந்தக் கடிதத்தையும் நீ பாஸ்காவுக்குப் பிறகுதான் படிப்பாய் என்று தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன்.

உன் பதில் வரவில்லை. என் கடிதம் ஒரு நாள் பிந்திப் போயிருக்க வேண்டும். அரிசியில் கோட்டைவிடவில்லை, மருந்தில் கோட்டைவிடவில்லை, இதில் விட்டேன். ஒரு மாதம் கையில் இருந்தது, அதைச் சும்மாவே கரைத்துவிட்டேன்.

தபால்காரர் பெல் அடித்தால் அவர் தலையைத் தூக்குகிறார். "ஏற்காடா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் மறுபடி படுத்துக்கொள்கிறார். எனக்கு மட்டும் இல்லை, அவருக்கும் நீதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று பொறுக்க முடியாமல் மடத்துக்குப் போன் செய்தேன். வெளி அறையில் இருக்கிற சிஸ்டர் எடுத்தார். சிஸ்டர் பெலிண்டாவின் அக்கா பேசுகிறேன் என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராவது இறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "நல்லது, ஆண்டவருக்குத் தோத்திரம். அப்ப பாஸ்காவுக்கு அப்புறம் பேசலாம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

சிலிண்டர் இரண்டும் நிறைந்தே இருக்கின்றன. வெயில் ஏறிவிட்டது.

அக்கா
அக்னஸ்

*

எடமலைப்பட்டி புதூர்
மார்ச் 24

பெலிண்டாவுக்கு,

மதர் உன்னிடம் சொல்லியிருப்பார். உன் அத்தான் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சனிக்கிழமை அடக்கம். ஜோஸ்வின் வந்தான், மண் போட்டான், நேற்று திரும்பிவிட்டான்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மிஷினை முழுசாக ஏற்றினேன், போதவில்லை. சிலிண்டரையும் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இல்லை. அவருக்குப் பயம் இல்லை, முகத்தில் ஒரு அமைதிகூட இருந்தது. "வேண்டாம்" என்று உதட்டை அசைத்தார். நானும் வேண்டாம் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். செபமாலை எடுத்தேன். அதில் இரண்டு மணி உருட்டியிருப்பேன். அதற்குமேல் ஓடவில்லை. பாவமாக இருந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

சுவரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பை கதவருகில் இருந்தது. சாவி ஆணியில் இருந்தது. எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தது, பெலிண்டா, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டிரெச்சரில் தூக்கும்போது அவர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. ஸ்டோர்ஸில் சொன்ன சாமானுக்குப் பதில் வேறொன்று வந்து இறங்கினால் ஒரு பார்வை பார்ப்பாரே, அப்படி.

மறுபடி குழாய். மறுபடி கையைக் கட்டினார்கள். இந்தத் தடவை கடைசிவரை அவிழ்க்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு வருவேன்.

வெள்ளிக்கிழமை மடத்துக்குப் போன் செய்தேன். அதே சிஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

என் பிப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. பாவமா இல்லையா என்பது எனக்கு இனித் தெரியவே வேண்டாம்.

அக்னஸ்

*

ஏற்காடு
ஏப்ரல் 6, பாஸ்கா திங்கள்

என் அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் என்று எழுதித் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? கமருன்னிசா ராத்திரி துணைக்கு வருகிறாளா?

நேற்றுப் பூசை முடிந்ததும் மதர் டிராயரைத் திறந்து உன் மூன்று கடிதங்களையும் கொடுத்தார். தேதிப்படி அடுக்கி வைத்திருந்தார். தேதிப்படியே படித்தேன்.

அக்கா, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் என்னால் இங்கே கோயிலில் முழந்தாளிட முடியாது. உன் பிப்ரவரிக் கடிதம் விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் வந்தது. மதர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா வீட்டுக்காரருக்கு முடியலைன்னு சொன்னீங்களே சிஸ்டர், இதை மட்டும் படிச்சிடுங்க, நான் அனுமதி தரேன்" என்று கவரை நீட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். அத்தானின் மூச்சுக்காக, ஆசையை அடக்கும் ஒரு ஒறுத்தலாக இதை ஒப்புக்கொடுக்கிறேன், பாஸ்காவுக்கே படிக்கிறேன் என்றேன். அதைப் படிக்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது, அதனால்தான் அது பெரிய காணிக்கை என்று நினைத்தேன். தினமும் மதர் அறையைத் தாண்டும்போது, அக்கா, இன்றைக்கும் உனக்காகப் படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. நீ சிலிண்டர் சேர்த்தாய், நான் இதைச் சேர்த்தேன்.

அத்தான் இறந்த செய்தி வந்த அன்று மதர் மறுபடியும் கொடுக்க வந்தார். அப்போதும் வாங்கவில்லை. அது ஒறுத்தல் இல்லை. பயம். உள்ளே ஏதோ என்னிடம் கேட்டிருப்பாய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

போனை எடுத்த சிஸ்டர்மேல் வருத்தப்படாதே. நீ அழைத்ததை அவர் என்னிடம் சொல்ல முறையில்லை.

பதில் எழுதாதே என்று எழுதியிருக்கிறாய். எழுதவில்லை. அத்தானுக்காகத் தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். உனக்காகவும். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும், அக்கா?

உன்
பெலிண்டா

*

எடமலைப்பட்டி புதூர்
ஏப்ரல் 15

பெலிண்டாவுக்கு,

சாப்பிடுகிறேன். கமருன்னிசா வருகிறாள். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக்கொள்.

தாஜுதீன் பாய் வந்து சிலிண்டர் இரண்டையும் எடுத்துப்போனார். ஒன்று திறக்கவே இல்லை. "இதுக்கு ஆஸ்பத்திரியில ஆளு காத்திருக்காங்கம்மா" என்றார். எடுத்துப் போங்கள் என்றேன். மிஷினும் போய்விட்டது. படிக்குக் கீழே காலியாக இருக்கிறது, ராத்திரி அதைப் பார்த்தாலும் திடுக்கென்கிறது. பரணில் இருந்த அரிசி பருப்பைத் தெருவில் பங்கு போட்டுக் கொடுத்தேன். பெருங்காயம் மட்டும் யாரும் வாங்கவில்லை.

உன் மெழுகுதிரி இரண்டையும் பற்றவைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எங்கே வேண்டுமானாலும் நெருப்பு வைக்கலாம்.

நீ பதில் எழுதவில்லை என்கிறாய். எழுதிவிட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் வராது. நான் செய்தது சரி என்றால், அக்கா நீ செய்ததுதான் சரி என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். நான் எவ்வளவு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பாய். இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பித் தேடினேன், அந்த வரி இல்லை.

அவரை வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. என்மேல் இருப்பது அதைவிட அதிகம். அடுத்த திருவருகைக் காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாதம் ஒரு கடிதம் விடுவார்கள் அல்லவா, எழுது. தபால்காரர் பெல் அடித்தால் இப்போது நான்தான் தலையைத் தூக்குகிறேன்.

அக்கா
அக்னஸ்